குளிர்காலத்தில் ஒரு பாதையைத் திறந்து வைத்திருத்தல்: ஸ்காபரோத் தொண்டர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் மாடிக் குடியிருப்புகளில் வாழும் பலருக்குப் பூங்காப் பாதை வெறுமனே மாலையில் உலாவும் இடம் அன்று. பேருந்து நிறுத்தத்துக்கும் பாடசாலைக்கும் மரக்கறிக் கடைக்கும் போகும் குறுக்கு வழியும் அதுதான். வீதியோர நடைபாதைகளின் பனியைப் பெரும்பாலும் மாநகரசபையின் இயந்திரங்கள் வந்து வழித்துவிடுகின்றன. ஆனால் பூங்காக்களுக்குள்ளும் ஓடைக் கரைகளிலும் மின்கம்பித் தடங்களுக்குக் கீழும் செல்லும் பாதைகளில் சில மட்டுமே குளிர்காலத்தில் பராமரிக்கப்படுகின்றன. மற்றவற்றின் வாயிலில் குளிர்காலப் பராமரிப்பு இல்லை என்று ஓர் அறிவிப்புப் பலகை நிற்கும். அந்தப் பலகைக்கு அப்பால் நடப்பவர்கள் அதற்காக நடையை நிறுத்திக்கொள்வதில்லை. வழுக்கி வழுக்கி நடக்கிறார்கள், அல்லது 15 நிமிடம் சுற்றிப் போகிறார்கள்.

இந்த இடைவெளியை அயலவர்கள் சேர்ந்து நிரப்ப முடியும். அதற்கு உடற்பலமும் நல்ல மனமும் போதும் என்று நினைத்துத் தொடங்குபவர்கள் தை மாத நடுப்பகுதிக்குள் ஓய்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்; முதலாண்டில் நானும் அப்படித்தான் ஓய்ந்தேன். அனுமதி, நீளம், நேரம் ஆகிய மூன்றையும் சரியாகத் தீர்மானித்தால் மீதியைப் பனி அள்ளும் சவலும் கூட்டும் தும்புத்தடியும் பார்த்துக்கொள்ளும்.

முதற் படி: பாதை யாருடையது என்று அறிதல்

பனி விழுந்த பிறகு இதைத் தேடக் கூடாது. புரட்டாசி, ஐப்பசியிலேயே தேட வேண்டும். ஒரே பாதையின் மேல் பலருக்கு அதிகாரம் இருப்பது ரொறன்ரோவில் வழமை. டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவையும் இணைக்கும் 16 கிலோமீற்றர் நீளமான மெடோவே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது உயரழுத்த மின்கம்பித் தடத்தின் கீழாகச் செல்கிறது. அதில் மாநகரசபைக்கும் பங்கு உண்டு, ரொறன்ரோ மற்றும் பிராந்தியப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் பங்கு உண்டு. ரூஜ் பூங்காவின் எல்லைக்குள் போய்விட்டால் மத்திய அரசின் கனடாப் பூங்காக்கள் நிறுவனமே பொறுப்பு. இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு இடையில் ஓடும் ஐம்பது மீற்றர்ப் பாதையோ கட்டட நிர்வாகத்தின் தனிச்சொத்தாக இருக்கலாம்.

மாநகரசபையின் 311 இலக்கத்தை அழைத்து நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பாதை குளிர்காலப் பராமரிப்புப் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் தொண்டர்கள் கையால் பனி அகற்ற அனுமதி உண்டா? எவற்றைத் தூவலாம், எவற்றைத் தூவக் கூடாது? தொண்டர் ஒருவர் காயப்பட்டால், அல்லது நாம் வழித்த இடத்தில் வழிப்போக்கர் ஒருவர் விழுந்தால், காப்புறுதி யாருடையது? பதிலை எழுத்தில் பெறுங்கள். தொலைபேசியில் கனிவாகப் பேசி “தாராளமாகச் செய்யுங்கள்” என்று சொன்னவர் அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாறியிருக்கக் கூடும். பதிவு பெற்ற சனசமூக அமைப்பு ஒன்றின் பெயரில் விண்ணப்பித்தால் காப்புறுதிச் சிக்கல் பெரும்பாலும் இலகுவாகும். ஏற்கெனவே பொறுப்புக் காப்புறுதி வைத்திருக்கும் குடியிருப்பாளர் சங்கமோ கோயிலோ தேவாலயமோ அருகில் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

அனுமதி கிடைக்காவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தப் பாதையை எத்தனை பேர் எந்த நேரங்களில் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு மாதம் எண்ணி எழுதி, படங்களுடன் உங்கள் வட்டாரத்தின் மாநகரசபை உறுப்பினரிடம் கொடுங்கள். அந்தப் பாதையைப் பராமரிப்புப் பட்டியலில் சேர்க்கக் கேட்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் வேறில்லை. மாநகரசபையே பட்டியலில் சேர்த்துக்கொண்டால் சவலுக்கு வேலை இராது. அதைத்தான் நான் முதற் பரிசாகக் கருதுவேன்.

இரண்டாம் படி: நீளத்தைக் குறைத்தல்

எங்கள் குழு முதலாண்டில் ஒன்றரைக் கிலோமீற்றரை ஏற்றுக்கொண்டது. மூன்றாவது பனிப்பொழிவின்போது நால்வர்தாம் மிஞ்சினோம். பிழை எங்கே என்பது கணக்கைப் போட்டபோதுதான் விளங்கியது.

200 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் கொண்ட பாதையில் 10 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் அதன் கனவளவு 40 கன மீற்றர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் நகர்த்த வேண்டியது 4 தொன். அதே பனி பூச்சியப் பாகைக்கு அருகில் ஈரமாக விழுந்தால் நிறை மூன்று மடங்கைத் தொட்டு 12 தொன் ஆகக் கூடும். ஒரு சவலில் 5 கிலோகிராம் என்று பார்த்தால், நால்வர் கொண்ட குழுவில் ஒருவருக்கு உலர்பனியில் 200 வீச்சு, ஈரப்பனியில் 600 வீச்சு. இது வெறும் 200 மீற்றருக்கான கணக்கு. ஒன்றரைக் கிலோமீற்றரை நால்வரிடம் ஒப்படைப்பது என்ன நியாயம்?

எனவே எந்த 200 மீற்றர் என்பதைத் தெரிவு செய்வதில்தான் குழுவின் அறிவு தெரியும். முதற்பனி விழுந்த மறுநாள் காலை சவலை எடுக்காமல் வெறுங்கையோடு பாதையை நடந்து பாருங்கள். காலடித் தடங்களும் சைக்கிள் சில்லுத் தடங்களும் ஒரு வரைபடத்தையே எழுதி வைத்திருக்கும். பூங்காவின் நடுவில் வளைந்து செல்லும் அழகான பாதையில் நாயுடன் வந்த ஒருவரின் தடம் மட்டுமே இருக்கும். பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் குறுகிய இணைப்பில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதிபட்டிருக்கும். அந்த இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளும் இறக்கங்கள், பாலத்தின் இரு முனைகள், பாதை வீதியைச் சந்திக்கும் வாயில் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். பாலத்தின் மேற்பரப்புக்குக் கீழிருந்தும் குளிர் ஏறுவதால் அது நிலத்தை முந்திக்கொண்டு உறையும்.

வாயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீதியை வழிக்கும் வண்டி போகும்போது பாதையின் வாயிலுக்குக் குறுக்கே வயல் வரம்பு போல ஒரு பனிமேட்டை விட்டுச் செல்லும். உப்பும் சேறும் கலந்து இறுகிய அந்த வரம்பு முழுப் பாதையிலும் கடினமான இடம். சில மணி நேரத்தில் அது கல்லாகிவிடும். சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவரும் அதன் முன்னால் நின்று திரும்பிப் போக வேண்டியதுதான். 200 மீற்றரையும் சுத்தமாக வழித்துவிட்டு இந்த ஒரு மீற்றர் வரம்பை விட்டுவைத்தால் அவர்களுக்குச் செய்த உதவி எதுவுமில்லை. வண்டி மீண்டும் வரும், வரம்பும் மீண்டும் வரும். அதற்கென்று ஒருவரை ஒதுக்குங்கள்.

மூன்றாம் படி: ஆட்களும் முறையும்

ஒவ்வொரு 200 மீற்றருக்கும் எட்டுப் பேரின் பெயராவது பட்டியலில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு காலையில் நால்வர் வருவார்கள். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் பட்டம் பெற 40 மணி நேரச் சமூக சேவையை முடித்திருக்க வேண்டும் என்பதால், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் வீட்டில் உள்ள பெற்றோரிடம் பேசுங்கள். இந்த வேலை அந்தக் கணக்கில் சேருமா என்று பாடசாலையிடம் முன்கூட்டியே உறுதிப்படுத்துவதும், மணிக் கணக்கில் யார் கையெழுத்திடுவது என்று தீர்மானிப்பதும் உங்கள் பொறுப்பு. இருட்டில் பிள்ளைகளைத் தனியே அனுப்பக் கூடாது; எப்போதும் இருவர், அதில் ஒருவர் பெரியவர்.

அழைப்பு விடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் “இன்றைக்குப் போகலாமா?” என்று பத்துப் பேர் ஆலோசித்து முடிப்பதற்குள் பனி மிதிபட்டு இறுகிவிடும். அழைப்புக்கான அளவுகோலை ஐப்பசியிலேயே எழுதி வையுங்கள். நாங்கள் வைத்திருப்பது இது: 2 சென்ரிமீற்றர் வரை ஒருவர் தும்புத்தடியுடன் போனால் போதும், 5 சென்ரிமீற்றரைத் தாண்டினால் முறைக்குரிய நால்வரும் வர வேண்டும், உறைமழை எச்சரிக்கை இருந்தால் அது நிற்கும்வரை யாரும் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது.

நான்காம் படி: கருவிகள்

அதிகம் வாங்க வேண்டியதில்லை. அகன்ற, வளைந்த முகமுள்ள தள்ளு சவல் இரண்டு. குவிந்த பனியைத் தூக்கி எறியச் சிறிய சவல் இரண்டு. வரம்பையும் ஒட்டிய பனிக்கட்டியையும் உடைக்கத் தட்டையான இரும்பு முனை கொண்ட நெடும்பிடிக் கருவி ஒன்று. விறைப்பான நாருள்ள அகலத் தும்புத்தடி ஒன்று. மூடியுள்ள வாளியில் கூர்மணல். பிளாஸ்ரிக் முகமுள்ள சவல் இலகுவானது, ஈரப்பனி அதில் அவ்வளவாக ஒட்டாது. மிதிபட்ட பனியைச் சுரண்ட இரும்பு விளிம்பு வேண்டும். பிடியின் நீளம் ஆளின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவில் வாங்கினால் உயரமானவரின் முதுகு மாசிக்குள் முறையிடும்.

பனி வீசும் இயந்திரத்தைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். பெரும்பாலான தொண்டர் குழுக்களுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து: பாதையின் உரிமையாளர் கைவேலைக்குத் தரும் அனுமதி இயந்திரத்துக்குச் செல்லாது, சத்தம் விடிகாலையில் அயலவரை எழுப்பும், சரளைக் கற்களைத் தூக்கி வீசும். எங்காவது பயன்படுத்த நேர்ந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இயந்திரத்தின் வாயை அடைத்த பனியைக் கையால் எடுக்கக் கூடாது. இயந்திரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே இறுகி நிற்கும் விசை, அடைப்பு விலகியதும் அலகைச் சுழற்றிவிடும். விரல்கள் போவது அப்படித்தான்.

ஐந்தாம் படி: நேரத்தைப் பிடித்தல்

பனி ஓர் இலகுவான பொருளாக இருக்கும் காலம் குறுகியது. விழுந்து யாரும் மிதிக்காத பனியைத் தள்ளு சவலால் நடந்துகொண்டே நகர்த்தலாம். அதே பனியை ஐம்பது பேர் மிதித்துவிட்டால் அது தாரோடு ஒட்டிய தகடாகிவிடும். ஓர் இரவு கடந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே பாடசாலைப் பிள்ளைகளும் வேலைக்குப் போவோரும் வெளிக்கிடும் நேரத்துக்கு முன்னால், அதாவது காலை ஆறரைக்குள், முதற்சுற்று முடிய வேண்டும். 20 சென்ரிமீற்றர் விழும் என்று முன்னறிவிப்பு இருந்தால் எல்லாம் ஓயட்டும் என்று காத்திராமல் பாதியில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் வழியுங்கள். மொத்த நிறை ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு தள்ளலும் பாதி எடையாகும்.

எல்லாவற்றிலும் மோசமானது பெரும்பனி விழும் நாளல்ல. பகலில் பூச்சியத்துக்கு மேல் ஒன்றிரண்டு பாகை ஏறி, இரவில் மறை ஒன்பது பத்துக்கு இறங்கும் நாள்தான் ஆபத்தானது. பகலில் உருகிய கூழ்ப்பனியில் பதிந்த ஒவ்வொரு காலடியும் சில்லுத் தடமும் இரவில் அப்படியே அச்சாக உறைந்து, காலையில் சைக்கிளின் முன் சில்லைப் பிடித்து இழுத்து ஆளை விழுத்தும். அப்படியான மாலைகளில், பனி எதுவும் விழாதபோதும், பொழுதுபடுமுன் ஒருவர் போய்க் கூழை ஓரமாகத் தள்ளிவிட்டு வந்தால் போதும். இருபது நிமிட வேலை. செய்யாவிட்டால் மறுநாள் இரண்டு மணி நேரம்.

2013 மார்கழி 21, 22ஆம் தேதிகளில் ரொறன்ரோவைத் தாக்கிய உறைமழையை இங்கே பலர் மறந்திருக்க மாட்டார்கள். பனிக்கட்டியின் பாரத்தில் மரங்கள் முறிந்து, மின்கம்பிகள் அறுந்து, இலட்சக்கணக்கான வீடுகள் இருளில் கிடந்தன. அத்தகைய நாட்களில் பாதையைத் துப்பரவாக்கப் போகாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து குறைந்தது 10 மீற்றர் தள்ளி நின்று 911க்கு அறிவியுங்கள். முறிந்து தொங்கும் கிளைகளை வெட்டுவதும் தொண்டர் வேலை அன்று. மின்கம்பித் தடத்தின் கீழ்ப் பாதை என்றால், வெயில் ஏறியதும் மேலிருந்து பனிக்கட்டித் துண்டுகள் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: வழிக்கும் முறை

முதலில் பாதையின் சரிவைப் பாருங்கள். பனியை எப்போதும் தாழ்ந்த பக்கமாகவே ஒதுக்க வேண்டும். உயர்ந்த பக்கத்தில் குவித்தால், வெயிலில் உருகும் நீர் நீங்கள் வழித்த பாதையின் குறுக்கே ஓடி இரவில் கண்ணாடி போல உறையும். உங்கள் உழைப்பே அடுத்த நாள் ஒருவரை விழுத்தும் பொறியாகிவிடும். முதற்பனிக்கு முன்னரே, கார்த்திகையில் ஒரு ஞாயிறு, உதிர்ந்த இலைகளை வாரி வடிகால் வாய்களைத் திறந்து வைத்தால் இந்தத் தொல்லையில் பாதி குறையும். வடிகால்கள் எங்கே இருக்கின்றன என்பதற்கு அன்றே கம்பு நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மாசியில் அவற்றைத் தேட முடியாது.

நடுவில் தொடங்கித் தாழ்ந்த ஓரத்தை நோக்கித் தள்ளுங்கள். இரண்டு மீற்றர் அகலம் இருந்தால் ஒரு சக்கர நாற்காலியும் எதிரே நடந்து வருபவரும் விலகிப் போகலாம். மூன்று மீற்றர் அகலத்தில் விட்டு விட்டு வழிப்பதைவிட இரண்டு மீற்றர் அகலத்தில் அறாமல் வழிப்பது மேல், ஏனெனில் நடுவில் ஐந்து மீற்றர் விடுபட்டாலும் சக்கர நாற்காலிக்குப் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. வளைவுகளின் உட்பக்கத்தில் இடுப்புக்கு மேல் குவிக்காதீர்கள். சைக்கிளில் வருபவர் எதிரே வரும் குழந்தையைக் காண முடியாது. வீதியோரச் சரிவின் பார்வையற்றோருக்கான புடைப்புத் தகட்டை விளிம்புவரை வெளிக்கொணருங்கள்.

கறுப்புத் தார் தெரியும்வரை சுரண்ட வேண்டும் என்பதில்லை. குளிர்காலச் சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் பெற்ற பின்லாந்தின் ஊலு நகரில், இறுகிய மெல்லிய பனிப்படையைப் பாதையில் விட்டு, அதன் மேல் வரி வரியாகக் கீறிச் சொரசொரப்பாக்கி ஓட்டுகிறார்கள். சமமாகக் கிடக்கும் ஒரு சென்ரிமீற்றர் பனி சைக்கிளை விழுத்தாது. மேடும் பள்ளமுமாக உறைந்த அரைச் சென்ரிமீற்றர் விழுத்தும். சரளை அல்லது மண் பாதையானால் சவலையே மறந்துவிடுங்கள்: சரளை பனியோடு சேர்ந்து போய்விடும், மிஞ்சுவது சேறு. அங்கே பனியை மிதித்து இறுக்குவதுதான் வழி. ஒட்டாவாவில் ஆற்றோரமாகச் செல்லும் கிச்சி சீபீ குளிர்காலப் பாதையில் தொண்டர்கள் செய்வதும் இதுவே. பனியை அகற்றாமல் இயந்திரத்தால் சமப்படுத்தி இறுக்கி, பனிச்சறுக்குவோருக்கும் நடப்போருக்கும் தடித்த சில்லுச் சைக்கிளோட்டிகளுக்கும் ஒருசேரத் திறந்து வைக்கிறார்கள்.

ஏழாம் படி: உப்பா, மணலா?

வழிக்காத பனிக்கு உப்பு மருந்தன்று. வழித்த பின் மிஞ்சும் மெல்லிய படலத்துக்கே அது. சாதாரணப் பாறையுப்பு மறை 10 பாகைக்குக் கீழே ஏறத்தாழப் பயனற்றது. மறை 15இல் ஒரு மூட்டையைக் கொட்டினாலும் உப்பும் பனிக்கட்டியும் அருகருகே கிடக்குமே தவிர வேறெதுவும் நடக்காது. கல்சியம் குளோரைட்டு இதைவிடக் கடுங்குளிரிலும் வேலை செய்யும், விலையும் கூடுதல்.

அளவும் முக்கியம். ஒரு காப்பிக் குவளை உப்புப் பத்து நடைபாதைப் பாளங்களுக்குப் போதும். அதற்கு மேல் போடுவது ஓடைக்குத்தான் போகிறது. நீர்வாழ் உயிர்களைக் காக்கக் கனடாவில் உப்பிலுள்ள குளோரைட்டுக்கு வைத்துள்ள நீண்டகால எல்லை லீற்றருக்கு 120 மில்லிகிராம். இதை வைத்துக் கணக்கிட்டால், ஒரே ஒரு கிலோகிராம் உப்பு ஏறத்தாழ 5000 லீற்றர் தூய நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். வீதி உப்புச் சூழலுக்குக் கேடு என்று மத்திய அரசின் மதிப்பீடு 2001இலேயே முடிவு சொல்லியிருக்கிறது. ஸ்காபரோவின் பாதைகளில் பல ஹைலண்ட் ஓடையின் கரையிலேயே செல்கின்றன என்பதால் இது நமக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஓடைக்கரைப் பாதைகளில் நாங்கள் உப்பே போடுவதில்லை. கூர்மணல் எந்தக் குளிரிலும் பிடிமானம் தரும், நாய்களின் பாதத்தை எரிக்காது. பாலத்திலும் இறக்கத்திலும் மட்டும் தூவுங்கள்.

எட்டாம் படி: உடலைக் காத்தல்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கியூபெக் மாநிலத்தின் 1981 முதல் 2014 வரையான மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2017இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. 20 சென்ரிமீற்றர் பனி விழுந்ததை அடுத்து ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு, பனியில்லா நாளைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடுதலாக இருந்தது. பனி அள்ளுவதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். தெற்காசியர்களாகிய நமக்கு இதயநோய் ஏனையோரைவிட இளவயதிலேயே வருகிறது என்பதையும் இதோடு சேர்த்து வாசியுங்கள். இதயநோய், உயர் குருதியமுக்கம், நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் சவலைத் தொடக் கூடாது. அவர்களுக்கும் குழுவில் வேலை உண்டு: அழைப்பு விடுப்பது, தேநீர் கொண்டு வருவது, பதிவேடு எழுதுவது.

தூக்குவதைவிடத் தள்ளுங்கள். தூக்கத்தான் வேண்டுமென்றால் அரைச் சவல் அள்ளி, முழங்காலை மடித்து, இடுப்பைத் திருகாமல் பாதத்தோடு திரும்பி எறியுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நில்லுங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கையில் நோவு, காரணமில்லாத மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் “கொஞ்சம் இருந்துவிட்டுப் பார்ப்போம்” என்று சொல்லாமல் 911ஐ அழையுங்கள்.

உடுப்பை மெல்லிய மூன்று அடுக்குகளாகப் போடுங்கள். உள்ளடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது, வியர்வையில் நனைந்து குளிரை உடலோடு ஒட்டவைக்கும். காற்றோடு சேர்த்துக் கணக்கிடும் குளிர் மறை 28ஐத் தாண்டினால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அந்த நாட்களில் வேலையைக் கைவிடுங்கள். சப்பாத்தின் அடியில் மாட்டும் பனிமுட்களும் ஒளி தெறிக்கும் அங்கியும் கட்டாயம்.

ஒன்பதாம் படி: பதிவும் வசந்தமும்

ஒவ்வொரு சுற்றுக்கும் நாள், நேரம், பனியின் ஆழம், வந்தவர்கள், தூவியது என்ன, வழுக்கிய இடம் எது என்று ஐந்து வரி எழுதுங்கள். காப்புறுதிக் கேள்வி எழுந்தால் அதுவே உங்கள் சாட்சி; அடுத்த ஆண்டு எந்த 200 மீற்றர் என்று தீர்மானிக்கும்போதும் அதுவே கை கொடுக்கும்.

சித்திரையில் கடைசிப் பனியும் போன பிறகு இன்னொரு நாள் ஒன்றுகூட வேண்டும். குளிர்காலத்தில் காலுக்குப் பிடிமானம் தந்த அதே மணல், உலர்ந்த தாரில் சைக்கிள் சில்லைச் சறுக்கவைக்கும். மழை வந்தால் வடிகாலையும் அடைக்கும். ஆகவே வளைவுகளிலும் பாலத்திலும் கிடப்பதைக் கூட்டி அள்ளி, குப்பையை அரித்தெடுத்து, வாளியில் போட்டு மூடி வையுங்கள். கார்த்திகைக்கு அந்த மணல் போதும்.